கோடில்லாத எழுத்து

லூயி பிரெயில் என்றதும் ஆறு புள்ளிகள் நினைவுக்கு வரும். அவர் அமைத்த இன்னொரு புள்ளி எழுத்தை அதிகம் பேர் அறிந்ததில்லை. ஆறு புள்ளி முறையில் ஒரு சங்கடம் இருந்தது. பார்வையற்றவர்கள் தங்களுக்குள் எழுதிப் படித்துக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத முடியாது. அம்மாவுக்குக் கண் தெரியும், அந்தக் குறியீடு தெரியாது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து அங்கேயே ஆசிரியராகவும் ஆன பிரெயில், 1839-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். வழக்கமான பிரெஞ்சு எழுத்துகளின் உருவத்தையே புள்ளி புள்ளியாகக் குத்திவிடுவது. உயரத்துக்குப் பத்துப் புள்ளி. எந்த எழுத்துக்கு எந்த வரிசையில் எந்தெந்தப் புள்ளி என்று ஓர் அட்டவணை. அதை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், எழுதுகிறவர் பார்க்கவே வேண்டாம். சட்டத்தை வைத்துக் குத்திக்கொண்டே போகலாம். கிடைத்தவர் கண்ணால் பார்த்தால் பள்ளியில் படித்த அதே எழுத்து. விரலால் தடவினாலும் அதே வடிவம்.

பத்துப் புள்ளி உயரம் என்பதால் டெக்காபாயிண்ட் என்று பெயர். ஓர் எழுத்துக்கே பல குத்து விழ வேண்டியிருந்ததால் வேலை நத்தை வேகத்தில் நகர்ந்தது. பியேர் ஃபூகோ என்பவர், அவரும் பார்வையற்றவர்தான், 1841-இல் பத்து விசை கொண்ட ஓர் இயந்திரம் செய்து அதைத் துரிதப்படுத்தினார்.

பிரெயிலின் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. ஆறு புள்ளி முறை ஒரு குறியீடு. சொல்லிக் கொடுத்தால்தான் புரியும். பத்துப் புள்ளி முறை ஒரு படம். எழுத்துத் தெரிந்த யாருக்கும் தானாகப் புரியும். திரையரங்கு முகப்பிலும் பிறந்தநாள் அழைப்பிலும் கைப்பேசித் திரையிலும் இன்று அலங்காரமாக வந்து நிற்கும் புள்ளி எழுத்துருக்கள் எல்லாம் இரண்டாவது வகை. தாளில் ஒரு கோடுகூட இருக்காது. படிக்கிறவர் கோட்டைப் பார்த்துவிட்டுப் போவார்.

இது எப்படி நடக்கிறது என்று முறையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர். 1923-இல் அவர் வெளியிட்ட ஒரு நீண்ட கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் புள்ளிகள். ஒரே வரிசையில் புள்ளிகளை வைத்து, இடைவெளியை மட்டும் மாற்றிக் காட்டுகிறார். இரண்டிரண்டாக நெருக்கி வைத்தால் சோடி சோடியாகத் தெரிகிறது. முதல் சோடியின் இரண்டாவது புள்ளியை அடுத்த சோடியின் முதல் புள்ளியோடு சேர்த்துப் பார்க்க முயன்று பாருங்கள், கண் ஒத்துழைக்காது. பக்கத்தில் இருப்பது சொந்தம், தள்ளி இருப்பது அந்நியம் என்று கண் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. இன்னொரு விதியும் அவர் காட்டினார். ஒரு நேர்வரிசையும் ஒரு வளைவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி புள்ளி வைத்தால், வெட்டும் இடத்தில் கண் குழம்புவதில்லை. வந்த திசையிலேயே தொடர்ந்து போகிறது. எழுத்துருக்காரர்களுக்கு இந்த இரண்டு விதிகளும் போதும். புள்ளியை எவ்வளவு நெருக்கலாம், எங்கே திருப்பலாம் என்பதெல்லாம் இவற்றுக்குள்தான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தற்செயல் விடை சொன்னது. 1950-களின் கடைசியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் நுண்முனை செருகி, ஒற்றை நரம்பணு எதற்குத் துடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காட்டியது புள்ளிகளைத்தான். கண்ணாடிச் சில்லில் ஒரு கரும்புள்ளி. மணிக்கணக்காகக் காட்டியும் நரம்பணு அசைந்து கொடுக்கவில்லை. சில்லை மாற்றும்போது அதன் விளிம்பு நிழலாகத் திரையில் ஊர்ந்தது. உடனே நரம்பணு இயந்திரத் துப்பாக்கி போல வெடித்தது. அதற்குப் பிடித்தது புள்ளி அல்ல, ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடு. 1981-இல் நோபல் பரிசு வரை கொண்டுபோன கண்டுபிடிப்பு இது.

கோடு கண்டால் துடிக்கும் நரம்பணு, புள்ளி எழுத்தைப் பார்த்து ஏன் துடிக்க வேண்டும்? ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பார்வைப் பரப்பில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதற்குள் ஒற்றைப் புள்ளி விழுந்தால் அதற்குத் திசை கிடையாது, எல்லாச் சாய்வுகளுக்கும் அது பொது. அதே சன்னலுக்குள் இரண்டு மூன்று புள்ளிகள் வரிசையாக விழுந்தால் திசை பிறந்துவிடுகிறது. நரம்பணு கோட்டைக் கண்டதாகவே எண்ணிக்கொள்கிறது. பக்கத்துச் சன்னலில் இதே சாய்வை நோக்கிக் காத்திருக்கும் இன்னொரு நரம்பணுவும் அதோடு கைகோத்துக்கொள்கிறது. புள்ளிகளின் இடைவெளி சன்னலைவிடப் பெரிதாகிவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். எழுத்து உதிர்ந்து, வெறும் புள்ளிகள் மிஞ்சும்.

மறுமுனையிலும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரை பிரித்துப் பார்க்கும். அதற்குக் கீழே போனால் இரண்டு புள்ளி ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டால், புள்ளிகளின் இடைவெளியைப் போல ஏறக்குறைய 3,400 மடங்கு தூரம் தள்ளி நின்றால் புள்ளிகள் கலந்து கோடாகும். கடைவீதிகளில் ஓடும் எல்.இ.டி. பலகைகளில் பெரும்பாலானவை பி10 என்ற வகை. இரண்டு விளக்குகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர். 34 மீட்டருக்கு அப்பால் நிற்கிறவருக்கு அது கோட்டெழுத்து. பலகைக்குக் கீழே நிற்கிறவருக்கு ஒளிப்பொட்டுகளின் கூட்டம். இரவில் விளக்குகள் கண்ணைக் கூசச் செய்வதால் நடைமுறையில் இன்னும் சீக்கிரமே கலந்துவிடும்.

அலங்காரப் புள்ளி எழுத்துரு வாழ்வது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில். எழுத்தும் தெரிய வேண்டும், புள்ளியும் தெரிய வேண்டும். புள்ளி கலந்துபோனால் அது மங்கலான சாதாரண எழுத்து. எழுத்து கலைந்துபோனால் அது தூவிவிட்ட கடுகு. புத்தகத்தை 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் கண் பிரித்தறியும் எல்லை 0.12 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் பத்துப் புள்ளியால் அமைத்தால், புள்ளிக்குப் புள்ளி 0.3 மில்லிமீட்டர், அதில் புள்ளியே 0.2 எடுத்துக்கொண்டால் மீதி வெள்ளை 0.1 மட்டும். கண்ணுக்கு எட்டாது. அதே எழுத்தை 3 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் வெள்ளை இடம் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும், புள்ளி முத்து முத்தாகத் தெரியும். புள்ளி எழுத்துருவைப் பத்தி முழுக்க ஓட்டிவிட்டு, படிக்க முடியவில்லை என்று எழுத்துருவைத் திட்டுகிற அழைப்பிதழ்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். தலைப்புக்காகப் பிறந்ததைத் தலைப்பில்தான் வைக்க வேண்டும்.

இனி, இது அலங்காரம் ஆன கதை. எந்தப் புள்ளி எழுத்தும் அழகுக்காகத் தொடங்கியதில்லை. வேறு வழி இல்லாமல் தொடங்கியது. 1882-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த மின் கண்காட்சியில், எடிசனின் உதவியாளர் வில்லியம் ஹாமர் தன் முதலாளியின் பெயரை மின்விளக்குகளால் எழுதி எரியவிட்டார். விளக்கு விளம்பரப் பலகைகளின் பரம்பரை அங்கே தொடங்குகிறது. பல்பு ஒரு புள்ளி. அதைக் கோடாக இழுக்க முடியாது. எனவே எழுத்தைப் புள்ளிகளாக்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. பத்து ஆண்டு கழித்து நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் சுவரில் லாங் ஐலண்டில் வீடு வாங்கச் சொல்லும் விளம்பரம் பல்பு பல்பாக எரிந்தது. பிறகு பிராட்வே நாடக அரங்குகளின் முகப்புகள் முழுக்க இதுவே.

உச்சம் 1928. டைம்ஸ் சதுக்கத்தில் டைம்ஸ் கட்டடத்தைச் சுற்றி இடுப்புப் பட்டை போல 14,800 பல்புகள் கட்டி, நவம்பர் 6 அன்று அதிபர் தேர்தல் இரவில் ஹெர்பர்ட் ஹூவரின் வெற்றிச் செய்தியை ஓடவிட்டார்கள். ஓடவிட்டார்கள் என்பது சொல் வழக்குதான். எந்தப் பல்பும் ஓடவில்லை. உள்ளே ஓர் அறையில் எழுத்துக் கட்டைகள் ஒரு பட்டையில் நகர்ந்தன; அவை எந்தெந்தத் தொடுமுனையைத் தொட்டனவோ அதற்குரிய பல்பு எரிந்து அணைந்தது. அணைந்த பல்புக்கும் பக்கத்தில் எரிந்த பல்புக்கும் இடையே எதுவும் நகரவில்லை என்றாலும், நகர்ந்ததாகக் கண் சொல்கிறது. இந்த மாயத்தை 1912-இல் பிராங்பர்ட்டில் ஆராய்ந்து எழுதியவரும் நம் வெர்தைமர்தான். புள்ளிகளுக்கு இடையில் இல்லாத கோட்டைப் பார்க்கிற கண், நொடிகளுக்கு இடையில் இல்லாத ஓட்டத்தையும் பார்க்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டும் அகப்பட்டது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இதற்குள் பல்புக்குப் போட்டி வந்துவிட்டது. 1910-இல் பாரிஸில் ஜார்ஜ் கிளாட் நியான் குழாயைக் காட்டினார். வளைத்தால் வளையும் ஒளிக்கோடு. எழுத்தை இனி உடைக்க வேண்டாம். நியான் பரவப் பரவப் பல்பு எழுத்து பழையதாயிற்று. பழையதானதும் அதற்கு ஒரு புது வேலை கிடைத்தது. அந்தப் புள்ளிகள் இப்போது நாடகக் கொட்டகையையும் சர்க்கஸையும் திருவிழா இரவையும் குறித்தன. தேவை போன பிறகு மிஞ்சியது சாயல். இன்று கணினியில் பல்பு எழுத்துருவை எடுத்துத் தலைப்பு வைக்கிறவர் பல்பை விற்கவில்லை, அந்தச் சாயலை விற்கிறார்.

புள்ளி எழுத்துக்கு இன்னொரு குலமும் உண்டு. அது அரங்கத்திலிருந்து வரவில்லை, தொழிற்சாலையிலிருந்து வந்தது. பிஸ்கட் பொட்டலத்தின் ஓரத்தில் தயாரித்த தேதி இருக்கும் இடத்தைப் பாருங்கள். எண்கள் புள்ளிகளால் ஆனவை. பொட்டலம் பட்டையில் விரைந்து ஓடும்போது, நிறுத்தாமலும் தொடாமலும் அதன் மேல் எழுத வேண்டும். ஒரு நுண்துளையிலிருந்து மைத்துளிகள் இடைவிடாமல் பாய்கின்றன. ஒவ்வொரு துளிக்கும் வேறு வேறு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்துக்குள் செலுத்தினால் அது மேலோ கீழோ விலகும். உயரத்தை மின்னூட்டம் பார்த்துக்கொள்கிறது. அகலத்தைப் பொட்டலத்தின் ஓட்டமே பார்த்துக்கொள்கிறது. தேவைப்படாத துளி ஒரு குழாயில் விழுந்து திரும்ப மைத்தொட்டிக்குப் போய்விடும். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கிய உத்தி இது. பட்டையின் வேகம் கொஞ்சம் பிசகினால் எண்கள் ஒல்லியாகும் அல்லது தடிக்கும். வீட்டில் உள்ள பொட்டலங்களை ஒப்பிட்டால் தெரியும்.

தேதி எண்களில் அடிக்கடி காண்பது அகலத்துக்கு ஐந்து, உயரத்துக்கு ஏழு புள்ளி. ஊசி அச்சுப்பொறி, கால்குலேட்டர், லிஃப்ட் பலகை என்று எங்கு பார்த்தாலும் இந்த 5×7 வரும். ஏன் ஐந்து? ஆங்கிலத்தின் எம் எழுத்தில் மூன்று தண்டு, நடுவில் இரண்டு வெற்றிடம். மூன்றும் இரண்டும் ஐந்து. ஈ எழுத்தில் மூன்று படுக்கைக் கோடு, இரண்டு வெற்றிடம். அதற்கும் ஐந்து போதும், ஆனால் எழுத்து சதுரமாகச் சப்பிப்போகும், எஸ் எழுத்தின் வளைவு கிடைக்காது. அதனால் ஏழு. மொத்தம் 35 புள்ளி. ஒவ்வொன்றும் எரியலாம், எரியாமலிருக்கலாம் என்றால் 3,435 கோடிக்கும் மேற்பட்ட உருவங்கள் சாத்தியம். அதில் நூற்றுச் சொச்சம் உருவங்களை மட்டும் எழுத்து என்று ஏற்றுக்கொண்டு மீதியை ஒதுக்கிவிட்டோம்.

இந்தக் குலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது புரளும் தட்டுப் பலகை. கனடாவின் ஃபெராண்டி-பேக்கார்ட் நிறுவனத்தில் கென்யன் டெய்லர் உருவாக்கியது. 1961-இல் மான்ட்ரியல் பங்குச் சந்தையில் வைத்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னத் தட்டு, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்ற நிறம். மின்காந்தத்தில் ஒரு துடிப்புக் கொடுத்தால் தட்டு புரளும். மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தம் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். வெயில் எவ்வளவு அடித்தாலும் அவ்வளவு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது விளக்கே இல்லை. செய்தி மாறும்போது நூற்றுக்கணக்கான தட்டுகள் புரளும் சலசலப்பும் உண்டு. பேருந்து நெற்றிகளில் நெடுங்காலம் இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் கார்னல் வின்ட்லினும் ஸ்டீஃபன் முல்லரும் டாட் மேட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தே ஓர் எழுத்துருவை வெளியிட்டார்கள். ஊசி அச்சுப்பொறி ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. பல்புக்கு நடந்தது இதற்கும் நடந்தது. இப்போது நத்திங் என்ற கைப்பேசி நிறுவனம் தன் பெயரையே புள்ளிக் கட்டத்தால் எழுதி, இயந்திரத்தின் வெளிப்படைத்தன்மை என்ற சாயலை அதிலிருந்து பெறுகிறது. இரண்டு குலத்தையும் கலந்துவிடக் கூடாது. பல்புக் குலம் கொண்டாட்டம். கட்டக் குலம் கணக்கு வழக்கு. கல்யாணப் பத்திரிகையில் கட்டக் குலத்து எழுத்தைப் போட்டால் மாப்பிள்ளை பெயர் காலாவதித் தேதி மாதிரி இருக்கும்.

வடிவமைப்பவரின் மேசைக்கு வருவோம். அவருக்கு முன்னால் இரண்டு வழி. கட்டம் போட்டு அதன் முனைகளில் மட்டும் புள்ளி வைப்பது ஒன்று. எழுத்தின் எலும்புக்கோட்டை முதலில் வரைந்து, அதன் மேல் புள்ளிகளைக் கோத்துவிட்டுக் கோட்டை அழித்துவிடுவது மற்றொன்று.

கட்டத்தில் உடனே ஒரு வில்லங்கம். நேர்க்கோட்டில் புள்ளிக்குப் புள்ளி ஒரு கட்டம் என்றால் சாய்கோட்டில் அது 1.414 கட்டம். சாய்ந்த கால்களில் புள்ளிகள் நாற்பது சதவீதம் தள்ளி நிற்கின்றன. அந்தக் கால்கள் நோஞ்சானாகத் தெரிகின்றன. வெர்தைமரின் நெருக்க விதி கைகொடுக்க மறுக்கிறது. அதனால்தான் கட்ட எழுத்துகளில் எக்ஸும் கே-யும் பக்கத்து எழுத்துகளைவிட வெளிறிக் காணும். புள்ளியின் பருமனும் கணக்குக்குள் வரும். புள்ளிகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பெருத்தாலும் கட்டத்தின் பரப்பில் 78.5 சதவீதம்தான் நிரம்பும். விட்டத்தைப் பாதியாக்கினால் 19.6 சதவீதம். விட்டம் கொஞ்சம் மாறினாலும் எழுத்தின் கருமை மளமளவென்று இறங்கும், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது.

எலும்புக்கோட்டு வழியில் இந்தச் சாய்வுத் தொல்லை கிடையாது, வேறு தொல்லை வரும். எழுத்தின் ஒவ்வொரு கோடும் தன் இஷ்டப்படி ஒரு நீளத்தில் இருக்கும். புள்ளி இடைவெளியால் அது மீதியின்றி வகுபட வேண்டுமே. இரு முனையிலும் புள்ளி கட்டாயம், இல்லாவிட்டால் எழுத்து முடங்கிப்போன மாதிரி இருக்கும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே புள்ளி விழ வேண்டும். இரண்டு புள்ளி முட்டிக்கொண்டால் அந்த இடம் கரும்பொட்டாகும். எனவே வடிவமைப்பவர் கோட்டை ஒரு மயிரிழை நீட்டுவார், வளைவைக் கொஞ்சம் தளர்த்துவார், இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைப்பார். ராலேவே டாட்ஸ் போன்ற எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்தச் சமரசங்கள் தெரியும். மேட் மெக்கினர்னி முதலில் ஒரே ஒரு மெல்லிய எடையில் செய்த எழுத்து ராலேவே. அந்த மெல்லிய தண்டுதான் புள்ளி கோக்க வாகாக அமைந்தது. தடித்த எழுத்துக்குப் புள்ளி வைத்தால் இரண்டு மூன்று வரிசை வேண்டும், பிறகு உள் வரிசை, வெளி வரிசை என்று வளைவுகளில் சண்டை.

எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விடும் இடத்திலும் கவனம் வேண்டும். ஓர் எழுத்தின் கடைசிப் புள்ளிக்கும் அடுத்த எழுத்தின் முதல் புள்ளிக்கும் உள்ள தூரம், உள்ளே இருக்கும் புள்ளி இடைவெளியைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண் எழுத்துகளை ஒட்டிவைத்துப் படிக்கும். புள்ளி எழுத்துருவில் எழுத்துகளை நெருக்கி வைப்பது அநேகமாக எப்போதும் தவறு.

கணினிக்கும் இது பாரம். எழுத்துருக் கோப்பில் உண்மையான வட்டம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் நான்கு வளைகோடுகளை ஒட்டி வட்டம் போல ஆக்குகிறார்கள். ஆரத்தின் 0.5523 மடங்கு தள்ளிக் கட்டுப்பாட்டு முனைகளை வைத்தால் பிசகு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சாதாரண எழுத்துக்கு இருபது முப்பது முனை போதும். நூறு புள்ளி உள்ள எழுத்துக்கு ஆயிரம் தாண்டும். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகள் ஒரு பாதைக்குச் சுமார் 1,500 முனைவரைதான் தாங்கின. அதனால் புள்ளியை ஒரே ஒரு தடவை வரைந்து, மற்ற இடங்களிலெல்லாம் 'அதே புள்ளி இங்கேயும்' என்று குறிப்பு மட்டும் வைக்கும் வழக்கம் வந்தது. கோப்பு இளைத்தது. புள்ளியை நட்சத்திரமாக மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், எழுத்துரு முழுக்க நட்சத்திரமாகிவிடும்.

தமிழில் புள்ளி எழுத்துரு செய்வது இதையெல்லாம்விடச் சுவாரசியமானது. புள்ளி என்றதும் கோலத்தைத் துணைக்கு அழைக்கத் தோன்றும். அது இங்கே உதவாது. சிக்குக் கோலத்தில் புள்ளி வெறும் சாரம், கோடு அதைச் சுற்றிக்கொண்டு போகும். இங்கே புள்ளியேதான் கோடு.

முதல் சிக்கல் சுழி. 'ன', 'ண', 'வ', 'ல' எல்லாவற்றிலும் ஒரு சின்னச் சுழி இருக்கிறது. வட்டம் என்று கண் நம்புவதற்கு எத்தனை புள்ளி வேண்டும்? நான்கு வைத்தால் சதுரம். ஆறு வைத்தால் ஒருவாறு வட்டம். ஒரு வட்டத்தில் ஆறு புள்ளிகளைச் சமமாக வைத்தால் பக்கத்துப் புள்ளிகளின் தூரம் சரியாக ஆரத்துக்குச் சமம். அதாவது, சுழியின் விட்டம் புள்ளி இடைவெளியைப் போல இரண்டு மடங்காவது இருந்தாக வேண்டும். 'ண'வில் உள்ள சின்னச் சுழி, எழுத்துரு முழுவதற்கும் இடைவெளியைத் தீர்மானித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓ எழுத்தே பெரிய வட்டம் என்பதால் பெரும்போக்காகப் புள்ளி வைத்துத் தப்பிக்கலாம். தமிழில் நெருக்கமான புள்ளி, அதனால் எழுத்துக்கு அதிகப் புள்ளி, அதனால் பெரிய அளவில்தான் அழகு.

கட்டத்தில் இன்னும் கடினம். 'ண'வின் நடுவே குறுக்காக ஒரு கோடு கிழித்தால் ஐந்து இடத்துக்குக் குறையாமல் வெட்டும். ஐந்து தண்டுக்கு நடுவே நான்கு வெற்றிடம், ஆக ஒன்பது நிரல். 5×7 கதைக்கே ஆகாது. உயரத்தில் கேட்கவே வேண்டாம். மேலே 'ி', 'ீ' கொக்கிகளுக்கும் மெய்ப்புள்ளிக்கும் இடம். கீழே 'மு', 'கூ' இவற்றின் வால்களுக்கு இடம். பி10 பலகையின் ஒரு சட்டகம் 32×16 விளக்கு. பதினாறு வரிசையில் மேலுக்கு மூன்று, கீழுக்கு மூன்று போனால் எழுத்தின் உடம்புக்குப் பத்து. ரயில் நிலையங்களில் மூன்று மொழியும் மாறி மாறி வரும் பலகையில் ஆங்கிலம் நிமிர்ந்து நிற்க, தமிழ் மட்டும் குறுகி உட்கார்ந்திருப்பதற்கு வடிவமைப்பவரின் கைக்குறை பாதிக் காரணம், இந்தக் கணக்கு மீதிப் பாதி.

உண்மையான சோதனை மெய்ப்புள்ளி. புள்ளியாலேயே ஆன எழுத்தில், ஒரு புள்ளிக்கு மட்டும் தனிப் பொருள் உண்டு. மற்றவை செங்கல், அந்த ஒன்று இலக்கணம். தொல்காப்பியம் மெய்யின் இயல்பாகவே புள்ளியைச் சொல்கிறது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி சொல்கிறது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். படிப்பவர்கள் இடம் பார்த்து மனத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டுக்கு வேறு அடையாளம் கொடுத்து எகர ஒகரப் புள்ளிக்கு விடை கொடுத்தார். மெய்ப்புள்ளி அச்சோடு சேர்ந்து உறுதியாயிற்று. இப்போது அதை இல்லாமல் படிக்கும் பழக்கம் நம்மிடம் அடியோடு போய்விட்டது. எல்.இ.டி. பலகையில் மெய்ப்புள்ளியை ஒற்றை விளக்காக வைத்திருந்து, அந்த விளக்கு அணைந்துபோனால், 'பல் மருத்துவமனை' ஒரே இரவில் 'பல மருத்துவமனை' ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு விளக்கு போனால் எழுத்து கொஞ்சம் மூளியாகும், அவ்வளவுதான்.

தப்பிக்க வழிகள் உண்டு. பலகையில் ஒற்றை விளக்குக்குப் பதில் 2×2 சதுரமாக நான்கு விளக்கு வைத்தால், ஒன்று போனாலும் மூன்று நிற்கும். 3×3 கட்டத்தில் நடுவை விட்டு வளையமாக வைத்தால் இன்னும் பத்திரம், ஆனால் அதற்கு மூன்று வரிசையும் கீழே ஒரு வெற்று வரிசையும் போய்விடும். பதினாறில் நான்கு என்பது கட்டுப்படியாகாது. அச்சுக்கான அலங்கார எழுத்துருவில் இந்த நெருக்கடி இல்லை. அங்கே வளையம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. திண்ணமான புள்ளிகளின் கூட்டத்தில் உள்ளே வெள்ளையான ஒரு வட்டம் எங்கிருந்தாலும் தனித்துத் தெரியும். பலர் கையெழுத்தில் மெய்ப்புள்ளியைச் சிறு வட்டமாகத்தானே போடுகிறார்கள், வாசகருக்கு அது அந்நியமும் இல்லை. வெறுமனே புள்ளியைப் பெரிதாக்குவது மூன்றாவது வழி. ஒன்றரை மடங்குக்குக் குறைவாகப் பெரிதாக்கினால் அச்சில் மை கசிந்த இடம் என்று தோன்றிவிடும். எந்த வழியானாலும் எழுத்தின் தலையிலிருந்து மெய்ப்புள்ளி விலகி நிற்கும் தூரம், உள் இடைவெளியைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். இல்லாவிட்டால் நெருக்க விதி அதையும் எழுத்தின் உடம்போடு இழுத்துச் சேர்த்துவிடும்.

குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சி ஏடுகளில் இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. உலகத்தில் அதிகம் புழங்கும் புள்ளி எழுத்துரு அநேகமாக அந்த ஏடுகளில்தான் இருக்கும். அங்கே புள்ளி அலங்காரம் அல்ல, வழிகாட்டி. கண் செய்யும் வேலையைக் கை செய்கிறது. புள்ளிகளைச் சேர்த்து 'க' எழுதிய குழந்தை, 'க்' வரும்போது மேலே உள்ள புள்ளியையும் கீழே உள்ள புள்ளிகளோடு சேர்த்துக் கோடு இழுத்துவிட்டால் அதைக் குறை சொல்ல முடியாது. சேர்க்கச் சொன்னது நாம்தானே. மெய்ப்புள்ளியை மட்டும் வேறு நிறத்திலோ வளையமாகவோ அச்சிட்டுவிட்டால் தீர்ந்தது.

தமிழில் ஒரு புள்ளி எழுத்துரு தேறுமா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 'பல், பல', 'கல், கல', 'மண், மண' என்று சோடி சோடியாக 3 சென்டிமீட்டர் உயரத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பின்னோக்கி நடக்க வேண்டும். உள் இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர் வாக்கில் உடம்புப் புள்ளிகள் கலந்து கோடாகத் தொடங்கும். அந்த இடத்தில் நின்று 'பல்'லையும் 'பல'வையும் பிரித்துப் படிக்க முடிந்தால் எழுத்துரு தேறியது. முடியவில்லை என்றால் சுழிகளையும் வளைவுகளையும் தொட வேண்டாம். மெய்ப்புள்ளியை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டு, மறுபடி அச்சடித்து, மறுபடி நடக்க வேண்டும்.